களிமண்ணும் அர்ஷும்: ஹஸன் பத்ஹியை மீண்டும் வாசித்தல்

1973ஆம் ஆண்டில் சிகாகோப் பல்கலைக்கழக அச்சகம் முஸ்லிம் உலகின் கட்டடக்கலை பற்றி இரண்டு நூல்களை வெளியிட்டது. ஒன்று எகிப்தியரான ஹஸன் பத்ஹியின் 'ஏழைகளுக்கான கட்டடக்கலை'. 1969இல் கெய்ரோவில் எகிப்தியக் கலாசார அமைச்சு 'குர்னா: இரண்டு கிராமங்களின் கதை' என்ற பெயரில் வெளியிட்ட நூலின் மறுவருகை அது. மற்றது நாதிர் அர்தலானும் லாலே பக்தியாரும் சேர்ந்து எழுதிய 'ஒருமையின் உணர்வு'. பாரசீகக் கட்டடக்கலையில் ஸூபி மரபு என்பது அதன் துணைத் தலைப்பு. முன்னுரை செய்யித் ஹுஸைன் நஸ்ருடையது. (பிற்காலத்தில் அல்குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நான்காம் அத்தியாயத்தின் 34ஆம் வசனத்துக்குக் கொடுத்த பொருளால் சர்ச்சைக்குள்ளான அதே லாலே பக்தியார்தான்.)

ஒரே ஆண்டு, ஒரே அச்சகம், ஒரே உம்மத்தின் கட்டடங்கள். ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு, ஒருவரையொருவர் கேள்விப்பட்டேயிராத இரு சமூகத்தவர் எழுதியவை போல அவை தோன்றும். ஒன்றில் ஒளி, நிறம், கேத்திரகணிதம், ளாஹிர், பாத்தின். மற்றதில் வைக்கோல், களிமண், கொத்துக்கூலி, அமைச்சுக் கோப்பு.

இவற்றை இப்போது எடுத்துப் பேசக் காரணம் உண்டு. நமது மீலாத் மலர்களிலும் புதுப் பள்ளிவாசல் திறப்புவிழா மலர்களிலும் 'இஸ்லாமியக் கட்டடக்கலையில் ஆன்மிகமும் விஞ்ஞானமும்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை தவறாமல் இடம்பெறுகின்றது. குப்பா வானத்தின் குறியீடு. மினாரா அலிஃபின் குறியீடு. குப்பாவைத் தாங்கும் எண்கோணம் அர்ஷைச் சுமக்கும் எட்டு மலக்குமார்களின் குறியீடு. பின்னர் ஒரு பந்தியில் விஞ்ஞானம்: குப்பா ஒலியைப் பெருக்கும், வெப்பத்தைத் தணிக்கும். எவ்வளவு பெருக்கும், எங்கே தணிக்கும் என்ற கேள்விகள் எழுவதில்லை. ஆன்மிகம் ஓர் 'உம்' ஐயும் விஞ்ஞானம் இன்னோர் 'உம்' ஐயும் போட்டுக்கொண்டு அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. அவை உண்மையில் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதே என் விசாரணை.

முதலில் 'ஒருமையின் உணர்வு' பற்றிச் சுருக்கமாக. அழகான நூல். அதன் வரைபடங்களுக்கும் புகைப்படங்களுக்கும் ஈடாக அந்தக் காலத்தில் அதிகம் இருக்கவில்லை. கட்டடமொன்று கண்ணுக்குத் தெரிவதோடு முடிந்துவிடுவதில்லை, அதற்குள் ஓர் உள்நோக்கிய பயணம் இருக்கின்றது என்பதை மேற்குலகக் கட்டடக்கலைப் பள்ளிகளில் படித்த ஒரு தலைமுறைக்கு அது சொன்னது. அந்த அளவில் அதன் பணி பெரிது. ஆனால் நூலில் ஒரு மேசனும் இல்லை. சுவர் தானாக எழுகின்றது; ஓடு தானாகப் பதிகின்றது. எல்லாக் காலத்துக் கட்டடங்களும் ஒரே ஸூபியின் மனத்திலிருந்து பிறந்தவை போல, பல நூற்றாண்டுகள் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. இஸ்லாமியக் கலை வரலாற்றாசிரியர் குல்ரு நெஜிபோலு 1995இல் வெளியிட்ட 'தொப்காப்பிச் சுருள்' பற்றிய ஆய்வில், காலத்தையும் இடத்தையும் கழற்றிவிட்டுப் பேசும் இவ்வகை வாசிப்புகளைக் கண்டிப்போடு விமர்சித்தார். அவர் ஆராய்ந்த சுருள் கிட்டத்தட்ட 30 மீற்றர் நீளமானது. 114 கேத்திரகணித வரைவுகளைக் கொண்டது. கட்டட வல்லுநர்கள் தமக்குள் கைமாற்றிக்கொண்ட தொழில் ஆவணம் அது.

தொழிலாளியும் கணிதவறிஞனும் சந்தித்த இடம் நமது மரபில் இன்னும் பழையது. பத்தாம் நூற்றாண்டுப் பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி, கைவினைஞருக்குத் தேவையான கேத்திரகணிதம் பற்றி ஒரு நூல் எழுதினார். கணிதவறிஞரும் கைவினைஞரும் கலந்துகொண்ட கூட்டங்களைப் பற்றி அதில் கூறுகின்றார். மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்பது ஒரு பிரச்சினை. கைவினைஞர் வெட்டி ஒட்டிக் காட்டுவர். கண்ணுக்குச் சரியாகத் தோன்றும், கணக்குப் பார்த்தால் பிழையாயிருக்கும். கணிதவறிஞரின் நிறுவல் சரியாயிருக்கும். ஆனால் ஓட்டை எங்கே வெட்டுவது என்று அதிலிருந்து கைவினைஞருக்கு விளங்காது. அபுல் வஃபா இரு தரப்பையும் சாடுகின்றார், இரு தரப்புக்கும் வழி காட்டுகின்றார். 'ஆன்மிகமும் விஞ்ஞானமும்' எழுதுவோர் இந்தச் சபையை ஏன் மேற்கோள் காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வியப்பு. அங்கே மறைபொருள் எதுவும் பேசப்படவில்லை என்பதாலாயிருக்கலாம்.

அர்தலான் தரப்புக்கு நியாயம் செய்யவேண்டுமானால் இஸ்ஃபஹானுக்குப் போகவேண்டும். 1611இல் தொடங்கப்பட்ட ஷா பள்ளிவாசலின் வாசல், பெரிய மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் நேராக நிற்கின்றது. ஆனால் மைதானம் கிப்லாவுக்கு ஒத்துப் போகவில்லை. எனவே வாசலைக் கடந்தவுடன் கட்டடம் ஏறத்தாழ 45 பாகை திரும்புகின்றது. சந்தையின் திசையில் நடந்து வருபவன், தான் திருப்பப்படுவதை உணருமுன்னரே வேறொரு திசையின் முன்னால் நிற்பான். உலகத்திலிருந்து தீனுக்குத் திரும்பும் திருப்பம் என்று இதை வாசிக்கலாம், அப்படித்தான் வாசித்திருக்கின்றார்கள். நகர அமைப்பாளர் இட்ட கோட்டுக்கும் கிப்லாக் கோட்டுக்கும் இடையிலிருந்த முரண்பாட்டைத் தீர்த்த சாமர்த்தியம் என்றும் வாசிக்கலாம். இரண்டும் ஒரே சுவர். கணக்குப் பிழைத்திருந்தால் அந்த ஆன்மிகத் திருப்பமும் இல்லை.

கிப்லா விடயத்தில் மட்டும் நமது முன்னோர் 'உம்' போட்டு எழுதவில்லை. அல்பீரூனி 1025இல் முடித்த நூலில், கஸ்னா நகரின் கிப்லாவைத் துணிவதற்காக நகரங்களுக்கிடையிலான தூரங்களையும் அகலாங்கு நெட்டாங்குகளையும் கணக்கிட்டுக்கொண்டே போகின்றார். தொழுகையின் ஒரு ஷரத்து அங்கே கோளத் திரிகோண கணிதமாகிவிடுகின்றது. கொழும்பிலிருந்து கணக்கிட்டால் கிப்லா மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 25 பாகை. தெருவுக்கு நேராகச் சுவரெழுப்பி, உள்ளே பாயைக் கோணலாக விரித்துத் தொழும் பள்ளிவாசல்களை நாமெல்லாம் அறிவோம். அந்தக் கோணல் ஸப்புகள்மீது எனக்குப் பிரியம் உண்டு. கட்டியவர் செய்த தவறைத் தொழுபவர் திருத்திக்கொள்ளும் காட்சி அது.

இனி ஹஸன் பத்ஹி. 1900இல் அலெக்ஸாந்திரியாவில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தவர். தமது குடும்பப் பண்ணையில் முதன்முதலாகக் கால் வைத்தபோது தமக்கு வயது 27 என்று அவரே எழுதுகின்றார். அங்கே கண்ட பல்லாஹீன்களின் வறுமை அவரை விடவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மரமும் இரும்பும் கிடைக்கவில்லை. சுவருக்கு மண் இருந்தது, கூரைக்கு எதுவுமில்லை. பச்சை மண்கல்லால் வளைவுக் கூரை போட முயன்றார்; விழுந்தது. அஸ்வான் அணை வேலையிலிருந்த அவரது மூத்த சகோதரர், நூபியர்கள் மரச்சட்டம் எதுவுமில்லாமலே மண்கல்லால் கூரை போடுகின்றார்கள் என்று சொன்னார். 1941இல் போய்ப் பார்த்தார்.

அவர் கண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நூலின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. அறையின் பின்சுவரை மற்றச் சுவர்களைவிட உயர்த்திக் கட்டுகின்றார்கள். அதன்மேல் மேசன் ஈர மண்ணால் கண்பார்வையிலேயே ஒரு வளைவைத் தீட்டுகின்றான். கவராயம் இல்லை, நூல் இல்லை. அந்த வளைவையொட்டி, 25 சென்ரிமீற்றர் நீளமும் 15 அகலமும் 5 தடிப்புமான கற்களை அடுக்குகின்றான். பாரம் குறைவதற்காக அவற்றில் வைக்கோல் அதிகம். ஈரமாயிருக்கும்போதே விரலால் இழுத்த கோடுகள் கல்லின் முகத்தில் இருக்கும். அந்தக் கோடுகளால் கல் பிடித்துக்கொள்கின்றது. முதல் வரிசை நேராக நிற்காமல் பின்சுவரில் சாய்ந்து நிற்கும். அடுத்த வரிசை முதல் வரிசையில் சாயும். ஒவ்வொரு வளையமும் தனக்கு முந்தியதன் தோளில் தலைவைத்திருப்பதால் தாங்குசட்டம் தேவைப்படுவதில்லை. அந்த வளைவு வட்டத்தின் துண்டல்ல. இரு முனையில் பிடித்த சங்கிலி தொங்கும் வடிவத்தைத் தலைகீழாக்கினால் வருவது. அதனால் மண்கல்லின்மேல் அழுத்தம் மட்டுமே வருகின்றது. வளைக்கும் விசை வந்தால் மண்கல் பிளந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத மேசன் இதைக் கையால் அறிந்திருந்தான். இதே முறையில் கட்டப்பட்ட ராமேஸியத்தின் களஞ்சியக் கூரைகள் 3200 ஆண்டுகளுக்குப் பிறகும் லுக்ஸோரில் நிற்கின்றன.

ஒரு கட்டடக்கலைப் பேராசிரியர், ஒரு மேசனின் கையைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு அதைத் தமது கணிதத்தால் புரிந்துகொள்கின்றார். அபுல் வஃபாவின் சபை ஆயிரம் ஆண்டு கழித்து மறுபடி கூடியது போல. பத்ஹியின் உரைநடை இந்தப் பக்கங்களில் அலங்காரம் எதுவுமின்றி, வேலை நடக்கும் வேகத்திலேயே ஓடுகின்றது. ஒரு நல்ல சிறுகதையாசிரியன் பொறாமைப்படும் இடம் இது.

மண்ணைப் பற்றிய அவரது நம்பிக்கை வெறும் காதலாக இருக்கவில்லை. அளந்தார். புதிய குர்னாவின் ஆண்கள் பாடசாலையில் காற்றுப்பிடியொன்றை அமைத்தார், அரபியில் மல்கஃப். கூரைக்கு மேலே காற்றை வாங்கும் அந்தக் குழாய்க்குள் ஈரமாக்கிய மரக்கரி நிரம்பிய தட்டுகளைச் சாய்த்து வைத்தார். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கீழிறங்கிய காற்று 10 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்திருந்தது என்று பதிவுசெய்கின்றார். 1964இல் கெய்ரோவின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் வெவ்வேறு பொருட்களால் மாதிரி அறைகள் கட்டிச் சோதித்தார்கள். அரை மீற்றர் தடித்த மண்கல் அறைக்குள் 24 மணி நேரத்தில் வெப்பம் 21இலிருந்து 23 பாகைக்குள் மட்டுமே அசைந்தது. 10 சென்ரிமீற்றர்க் கொங்கிறீட் பலகைகளால் ஆன அறையில் அது 36 பாகைக்கு ஏறியது. வெளியே நின்றவனுக்கு இருந்த வெப்பத்தைவிட உள்ளே இருந்தவனுக்கு 9 பாகை அதிகம். நவீனம் என்று அரசு ஏழைக்குக் கொடுத்த அறை அது.

இந்த எண்களுக்கு நடுவே எனக்கு ஆன்மிகம் தெரிகின்றது. ஏழையின் குழந்தை உச்சி வேளையில் உறங்கமுடிகின்றதா என்று ஒருவர் வெப்பமானியோடு நின்று கேட்கின்றார். அமானிதம் என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல பொருளை நான் அறியேன்.

ஆனால் பத்ஹி இதோடு நிற்கவில்லை. முற்றத்தைப் பற்றியும் குப்பாவைப் பற்றியும் எழுத வரும்போது அவரும் அர்தலானாகிவிடுகின்றார். பாலைவன அரபிக்கு நிலம் பகை, வானமே உறவு. எனவே முற்றத்தின் வழியாக வானத்தின் ஒரு துண்டை வீட்டுக்குள் இறக்கிக்கொள்கின்றான். வீட்டின் நான்கு பக்கங்கள் வானக் கூரையைத் தாங்கும் தூண்கள் என்ற போக்கில் எழுதுகின்றார். கவித்துவமான பகுதி, எல்லோரும் எடுத்துக் காட்டும் பகுதியும் அதுவே. ஆனால் அவர் வீடு கட்டிக்கொடுத்த குர்னாவாசி பாலைவன நாடோடியல்ல. நைல் கரையின் பல்லாஹ். மலையடிவாரத்தில், பாறைக் கல்லறைகளுக்கு மேலும் இடையிலும் குடியிருந்தவன்.

குர்னாவின் கதையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். லுக்ஸோருக்கு எதிர்க்கரையில், பண்டைய எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகள்மீது ஐந்து குடியிருப்புகளாக ஏறத்தாழ 7000 பேர் வாழ்ந்தனர். கல்லறைப் பொருட்களை விற்பது அவர்களில் பலரின் சீவனோபாயம். ஒரு கல்லறையிலிருந்து பாறைச் சிற்பமொன்று அப்படியே வெட்டியெடுக்கப்பட்டுக் களவுபோனதும் தொல்பொருள் திணைக்களம் விழித்துக்கொண்டது. மக்களை அகற்றப் புதிய கிராமம் ஒன்று தேவை. மண்ணால் மலிவாகக் கட்டக்கூடிய பத்ஹி கிடைத்தார். 1945க்குப் பிறகு மூன்று பருவங்கள் வேலை நடந்தது. பள்ளிவாசல், சந்தை, அரங்கு, பாடசாலை, கொஞ்சம் வீடுகள் எழுந்தன. மக்கள் வர மறுத்தார்கள். அணைக்கரையை வெட்டித் தண்ணீரைக் கிராமத்துக்குள் திருப்பியதும் நடந்தது. 1948அளவில் எல்லாம் நின்றுபோயிற்று.

தோல்விக்குப் பத்ஹி சொல்லும் காரணங்களில் அதிகார வர்க்கத்தின் சோம்பலும் பொறாமையும் முன்னிற்கின்றன. அவை பொய்யல்ல, கோப்புகள் ஊர்வதை அவர் வர்ணிக்கும் பக்கங்களை வாசித்து நம்மூர்ச் செயலகமொன்றை நினைக்காமல் இருக்கமுடியாது. சீவனோபாயத்தை விட்டு வர யார்தான் விரும்புவார்? இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. மேல் எகிப்தின் கிராமத்தவனுக்குக் குப்பா என்றால் கப்று. வலீமார்களின் ஸியாரங்களுக்குத்தான் குப்பா. வசிக்கும் வீட்டின்மேல் அதை வைத்தால் உயிரோடு கப்றில் குடியேறுவதாக அவன் உணர்ந்தான் என்று பின்னால் வந்த ஆய்வாளர் பலரும் பதிவுசெய்திருக்கின்றார்கள். கல்லறைகளின்மேல் வாழத் தயங்காதவன், கல்லறை போன்ற கூரையின் கீழ் வாழத் தயங்கினான்! கட்டியவருக்கு வானம், குடியிருக்க வேண்டியவனுக்கு மையவாடி.

திமொதி மிச்செல் 2002இல் வெளியிட்ட 'நிபுணர்களின் ஆட்சி' என்ற நூலில் குர்னாவுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அம்மக்களைக் களவாளிகளாகவும் பண்பாடு கற்பிக்கப்பட வேண்டியவர்களாகவும் பார்த்த பார்வையை அலசுகின்றார். பத்ஹியை அவர் விடுவதாயில்லை. எனக்கு அவ்வளவு கடுமை இல்லை. மண்கல் அறை யாருக்கும் குளிர்ச்சி தரும்; அதை யாரிடமும் கேட்டுத் தெரியவேண்டியதில்லை, அளந்தால் போதும். குப்பாவின் அர்த்தத்தை அளக்க முடியாது. அதைக் கேட்டுத்தான் தெரியவேண்டும். பத்ஹி அளக்கவேண்டியதை அளந்தார், கேட்கவேண்டியதைக் கேட்காமல் தாமே சொன்னார். விஞ்ஞானத்தில் அவருக்கிருந்த அடக்கம் குறியீட்டில் இருக்கவில்லை என்பதே என் வாசிப்பு.

(கிழக்கு வாசகர்களுக்கு இவ்விடத்தில் நுரைச்சோலை நினைவுக்கு வரும். 2004 சுனாமியில் வீடிழந்தோருக்கென அம்பாறை மாவட்டத்தில் சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள் பல வருடங்கள் ஆளின்றிக் காடேறிக் கிடந்தன. காரணம் வேறு: வழக்கு, இன விகிதாசாரம். ஆனாலும் கட்டிமுடித்து வெறிச்சோடிய கிராமம் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் எகிப்திலிருந்து சொல்லவேண்டியதில்லை.)

பின்கதை தெரிந்ததே. கார்கா பாலைவனச்சோலையில் பத்ஹி தொடங்கிய பாரிஸ் கிராமம் 1967 யுத்தத்தோடு நின்றது. 1980இல் ஆகா கான் விருதுக் குழு அவருக்குத் தலைவர் விருது கொடுத்தது. அந்தக் காலப்பகுதியில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிக்கோவில் 'தாருல் இஸ்லாம்' பள்ளிவாசலை நூபிய மேசன்மாரோடு போய்க் கட்டினார். 1989இல் காலமானார். பழைய குர்னாவின் வீடுகளை அரசு 2006இலிருந்து இடித்துத் தள்ளி, மக்களை வேறொரு புதிய குடியிருப்புக்கு அனுப்பியது. புதிய குர்னாவோ 2010இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்துப் பட்டியலில் ஏறியது. ஊரை மரபுச் சின்னத்திலிருந்து அகற்றக் கட்டிய ஊர், தானே மரபுச் சின்னமாயிற்று.

நமது எழுத்தாளர் சிலர் பத்ஹியை மேற்கோள் காட்டி 'நாமும் மண்ணுக்குத் திரும்பவேண்டும், குப்பாவும் முற்றமும் காற்றுப்பிடியும் நமக்கும் வேண்டும்' என்று எழுதுவதைக் காண்கின்றேன். அவரை வாசிக்காமல் அவரது படங்களைப் பார்த்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். லுக்ஸோரில் மழை ஏறக்குறைய இல்லை, காற்று உலர்ந்தது. ஈரக் கரி குளிர்விப்பது காற்று உலர்ந்திருப்பதால்தான். ஏற்கெனவே நீராவி நிறைந்த கொழும்புக் காற்றில் அதே தட்டு புழுக்கத்தைத்தான் கூட்டும். பகலும் இரவும் பெரிய வித்தியாசமில்லாத வெக்கையில் தடித்த சுவர் இரவில் ஆறுவதற்கு வழியுமில்லை. நமது உடலுக்கு வேண்டியது நிழலும் நகரும் காற்றும். பத்ஹியின் கட்டடத்தைப் பிரதிபண்ணுபவர் பத்ஹிக்கு மாறுசெய்கின்றார். அவரது முறையைப் பின்பற்றுபவர் அவரது வடிவத்தைக் கைவிட்டேயாகவேண்டும்.

அப்படிக் கைவிட்ட ஒருவரை டாக்காவில் காணலாம். மரீனா தபஸ்ஸும் வடிவமைத்து 2012இல் நிறைவேறிய பைத்துர் ரஊப் பள்ளிவாசலில் குப்பா இல்லை, மினாரா இல்லை. அவரது பாட்டியார் கொடுத்த காணி. கிப்லாவோடு 13 பாகை முரண்பட்ட காணி. இஸ்ஃபஹானின் அதே பிரச்சினை. அவர் ஒரு சதுரத்துக்குள் ஒரு வட்டத்தை வைத்து, வட்டத்துக்குள் தொழுகைக் கூடத்தைத் திருப்பிவிட்டார். திருப்பியதால் மூலைகளில் விடுபட்ட இடங்கள் வானம் பார்க்கும் ஒளிமுற்றங்களாயின. வெள்ளத்துக்கு அஞ்சி உயர்த்திய மேடை, அயலவர் உட்கார்ந்து பேசும் திண்ணையுமாயிற்று. செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்களூடாகக் காற்று புகுந்து போகின்றது. கிப்லாச் சுவரில் நெடுக்காக ஒரு பிளவு. வெளிச்சம் வரும், தெருவில் போகும் ஆட்கள் தொழுபவன் கண்ணில் படமாட்டார்கள். கூரையில் சிறு வட்டத் துளைகள். பகலில் தரையில் ஒளிப்பொட்டுகள் விழுகின்றன. அவற்றை நட்சத்திரம் என்றோ நூர் என்றோ சொல்லும்படி கட்டடம் யாரையும் வற்புறுத்தவில்லை. 2016இல் ஆகா கான் விருது கிடைத்தது. குப்பா இல்லாததால் இது பள்ளிவாசலா என்று கேட்பவர்களுக்கு, மதீனாவில் முதலில் எழுந்த பள்ளிவாசலின் கூரை ஈச்ச மட்டை என்பதை நினைவூட்டினால் போதும்.

நமது கரைக்கு வருகின்றேன். அந்நிய வடிவம், சொந்த வடிவம் என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. புறக்கோட்டையில் 1909இல் நிறைவேறிய சிவப்புப் பள்ளிவாசலின் வடிவமும் கடல் கடந்து வந்ததுதான். இன்று அது கொழும்பின் முகங்களிலொன்று. என் கேள்வி வேறு. கிழக்கிலங்கையில் கிப்லாச் சுவர் மேற்கு, வடமேற்கைப் பார்க்கின்றது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று தரைவழியாகச் சூடேறி வந்து மோதுவதும், அஸர் நேரத்து வெயில் விழுவதும் அந்தச் சுவரில்தான். ஆறு அங்குல சீமெந்துக் கல்லில் அதை எழுப்பி, வெளிப்புறத்தில் ஒரு நிழலும் கொடுக்காமல் விட்டால், உட்புறம் அடுப்பின் பக்கவாட்டாகிவிடுகின்றது. முதல் ஸப்பின் நன்மையைப் பற்றிப் பயான் கேட்டு முந்திவந்தவர் அந்தச் சூட்டின் முன்னால் நிற்கின்றார். இதற்கு நாம் கண்ட தீர்வு திறக்கமுடியாத கண்ணாடியும் குளிரூட்டியும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் போனது. சில நாட்களில் ரமழான் பிறந்தது. நான் தொழுத பள்ளிவாசலொன்றில், ஊரின் பெருமையாக மாபிள் பதித்துக் கண்ணாடியிட்ட மேல்மாடி வெறுமையாகக் கிடக்க, ஜமாஅத் முழுவதும் பழைய விறாந்தையிலும் முற்றத்திலும் நெருக்கியடித்து நின்றது. அந்த விறாந்தையையும் இடித்து விரிவாக்கும் வரைபடம் அப்போதே நோட்டீஸ் பலகையில் தொங்கியது. ஓட்டுக் கூரையும் மரத்தூணும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட அந்த விறாந்தையைக் கட்டியவர் பத்ஹியையோ அர்தலானையோ கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஹவ்ழ் போய்க் குழாய் வந்ததற்குச் சுகாதாரக் காரணம் சொல்லலாம். அதை நான் மறுக்கவில்லை. விறாந்தை போவதற்கு அப்படியொரு காரணத்தை எவரும் சொல்லிக் கேட்டதில்லை. வரைபடத்தில் அதன் இடத்தில் இரண்டு புதிய குப்பாக்கள் இருந்தன.

நம்பிக்கையாளர் சபைகளுக்கு வெப்பமானி ஒன்றின் விலை பெரிதல்ல. இடிப்பதற்கு முந்திய ஒரு கச்சான் மாதத்தில், பழைய விறாந்தையில் ஒன்றையும் புதிய மண்டபத்தில் குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஒன்றையும் தொங்கவிட்டு, ளுஹருக்கும் அஸருக்கும் முஅத்தினார் குறித்து வரட்டும். அந்தத் தாளைக் கட்டட வரைஞரிடம் கொடுத்துவிட்டு, விறாந்தையில் சாய்ந்திருக்கும் முதியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன்பிறகு குப்பாவைப் பற்றிப் பேசலாம்.